ஜீப்புக்கு முளைத்த வால்

என் வயிற்றில் முதலில் அடித்தவர் பிரேக் இன்ஸ்பெக்டர் ஹரிதாஸ். மற்றவர்கள் எல்லாம் அவருக்குப் பிறகுதான். அந்த வரிசையை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

சிலோனிலிருந்து கப்பலேறி வந்த மூன்றாம் வருஷம். மிலிட்டரி ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்திருந்தேன். பின்பக்கத்தை ஒன்றரை அடி நீட்டி, தகரம் அடித்து, இரண்டு பக்கமும் நீளமாகப் பெஞ்சு போட்டேன். எங்கள் காலனிப் பெண்கள் கொழுந்துக் கூடையோடு கோத்தகிரி எஸ்டேட்டுக்கு அதில்தான் போனார்கள்.

வண்டியின் தகுதிச் சான்றான எப்.சி.யின் கெடு முடிந்துபோனது. எஸ்டேட் ரைட்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அழகையா, திங்கட்கிழமை எப்.சி. இல்லாம வந்தீன்னா கேட்டைத் திறக்க மாட்டேன். வேற வண்டி பேசி வச்சாச்சு."

சனிக்கிழமை கோத்தகிரி மைதானத்தில் சோதனை. ஹரிதாஸ் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிரேக்கை மிதித்துப் பார்க்கவில்லை. விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய் டேப்பைப் பிடித்தார்.

"என்னய்யா இது, ஜீப்புக்கு வால் முளைச்சிருக்கு?"

"பொம்பளைங்க உக்காரணுங்க. கூடையும் வைக்கணும்."

"அப்போ வண்டி செஞ்ச கம்பெனிக்காரன் மடையன். நீ எத்தனாவது படிச்ச?"

"மூணாவதுங்க."

"நல்லவேளை. பதினோராவது வரைக்கும் படிச்சிருந்தா பதினோரு அடி நீட்டியிருப்ப."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாம் அவரிடம் கையெழுத்துக்கு நின்றவர்கள்.

"பிரேக்கைப் பாருங்கய்யா. இந்த மலையில பிரேக்குதானே உசுரு."

"எனக்கே பாடமா? சிலோன்ல வேணா இப்படித் தகரத்தை ஒட்டி ஓட்டியிருப்பீங்க. இங்க நடக்காது."

'மனிதர்களை ஏற்றத் தகுதியற்றது' என்று எழுதி, அந்தத் தாளை என் முன்கண்ணாடியிலேயே ஒட்ட வைத்தார். வாலை அறுத்துவிட்டு அடுத்த மாதம் வரவேண்டுமாம்.

பசைகூடக் காயவில்லை. மைதானத்துக்குப் பின்னால்தான் அவர் வீடு. வேலைக்காரி கண்ணம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயா, அம்மா படியில வழுக்கி உழுந்துட்டாங்க! காலு முறிஞ்சுபோச்சுங்க. கம்பவுண்டர் பாத்துட்டு, காலை மடக்காம படுக்க வச்சே குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்றாருங்க."

ஆபீஸ் ஜீப் இருந்தது. நாலு பேர் தள்ளினால்தான் அதற்கு உயிர் வரும். ஒரு டாக்சி வந்தது. காலை மடக்காமல் அதற்குள் அவர் மனைவி வேணியம்மாளை ஏற்ற முடியவில்லை. அந்த அம்மா போட்ட சத்தம் மைதானம் வரை கேட்டது.

ஹரிதாஸ் ஓடி வந்தார். என் ஜீப்பைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் பெஞ்சு எவ்வளவு நீளம் இருக்கும்?"

"நீங்கதானே ஐயா இப்ப அளந்தீங்க."

பெஞ்சில் கம்பளி விரித்து அந்த அம்மாவைப் படுக்க வைத்தோம். வளைவுக்கு வளைவு பார்த்துப் பார்த்து இறக்கினேன். ஒரு இடத்தில்கூடத் தூக்கிப் போடவில்லை.

பின்னால் உட்கார்ந்து மனைவியிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"பயப்படாத வேணி. பிரேக் நல்லா இருக்கு."

எலும்பு மேலும் விலகாமல் கொண்டுவந்தீர்கள், கால் தப்பித்தது என்றார் டாக்டர். அம்மாவை அங்கே சேர்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினோம். ஹரிதாஸ் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

"அழகையா, உன்னை மறக்க மாட்டேன். வாடகை எவ்வளவு?"

"வாடகை வேண்டாங்கய்யா. திங்கட்கிழமைக்குள்ள எப்.சி. கையெழுத்து மட்டும் போதும்."

"நாளைக் காலையில வீட்டுக்கு வா. அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசு எழுதித் தரேன்."

அந்த வாக்கு ஒரு மைல்கூட ஓடவில்லை.

அடுத்த வளைவில் ஏட்டு கந்தப்பன் கை காட்டினார். கண்ணாடியில் இருந்த தாளை உரக்கப் படித்தார்.

"ஏனப்பா, தகுதியில்லைன்னு நெத்தியிலயே ஒட்டிக்கிட்டு ஆள் ஏத்திட்டு வர்றயா? உள்ள ஆரு?"

குனிந்து பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்து சல்யூட் அடித்தார்.

"ஐயா... இது உங்க கையெழுத்துங்களே! நீங்க எப்படிங்க இதுல?"

எங்களுக்குப் பின்னால் கோத்தகிரி பஸ் வந்து நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். பாதிப் பேர் ஊர்க்காரர்கள்.

நான் ஹரிதாஸைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னால் போதும். ஒரு நிமிஷ வேலை.

அவர் இறங்கினார். கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நான்தான் ஏட்டு இவனைப் பிடிச்சேன். மத்தியானம் தடை போட்டேன். சாயங்காலம் குன்னூர்ல ஆள் ஏத்தி ஓட்டிட்டிருக்கான். எழுதுங்க. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்."

"ஐயா, வேணியம்மா..." என்றேன்.

"வாயை மூடு!"

கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தப் பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டார். கண்டக்டர் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தான்.

ஜீப் ஸ்டேஷனுக்குப் போனது. திங்கட்கிழமை எஸ்டேட் கேட்டுக்குள் வேறு வண்டி போனது.

அந்த நோட்டீஸை இன்னும் வைத்திருக்கிறேன். குற்றம்: தடையை மீறி ஆள் ஏற்றியது. கண்ணால் கண்ட சாட்சி: ஹரிதாஸ், பிரேக் இன்ஸ்பெக்டர்.

ஏற்றப்பட்ட ஆளின் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாகவே கிடக்கிறது. அதை அவர்தான் வந்து எழுத வேண்டும்.