பாதியில் நின்ற வேலை

"நீங்க இல்லேன்னா இந்தக் கம்பெனியே இல்லம்மா" என்று சொல்லி மேனேஜர் காபியை நீட்டினார். அவர் கையால் யாருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

அவள் வாங்கி ஓரமாக வைத்தாள். படுத்த கம்ப்யூட்டர்களை எழுப்பிவிடுவதால் அந்த பார்சல் கம்பெனியில் அவளுக்கு 'டாக்டரம்மா' என்று பெயர். இன்று படுத்திருந்தது சர்வர். மொத்தக் கம்பெனியின் விவரங்களும் அந்த ஒரே டப்பாவுக்குள்தான். நகல் வைக்க இன்னொன்று வேண்டும் என்று அவள் கேட்டபோதெல்லாம் 'வீண் செலவு' என்று தள்ளிவிட்ட மகராசன்தான் இப்போது காபி நீட்டியவர்.

வெளியே எந்தப் பெட்டி யாருக்கு என்று தெரியாமல் பார்சல்கள் கூரையை முட்டின. கவுண்டரில் வாடிக்கையாளர்களின் கத்தல் உள்ளே வரை கேட்டது.

சர்வர் எழுந்தது. எழுந்த வேகத்தில் விழுந்தது. பாதியில் நின்றுபோன ஏதோ ஒரு வேலையை, ஒவ்வொரு முறை எழும்போதும் முடிக்கப் பார்த்து, அங்கேயே தடுக்கி விழுகிறது என்று கண்டுபிடித்தாள்.

"காலையில கடைசியா இதுல வேலை பார்த்தது யார் சார்?"

மேனேஜர் டையைத் தளர்த்திக்கொண்டார். தான்தான் என்றார். ஏதோ சின்னத் திருத்தமாம். திரை அசையாமல் நின்றதில் பொறுமை போய், சர்வரையே அணைத்துவிட்டாராம்.

சேதமானது ஊழியர்கள் விவரம் இருந்த பகுதி. மனுஷன் தன் பதவிக்கு முன்னால் 'தலைமை' என்று சேர்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். போன மாதம்தான் அறை வாசலில் பெயர்ப்பலகையைப் பெரிதாக்கியிருந்தார்.

கணவன் போனில் கூப்பிட்டான். மகளின் பள்ளி நாடகம் ஆரம்பிக்கப் போகிறது. குழந்தை மரமாக நிற்கிறாள். நீங்க மட்டும் போய்ப் பாருங்க என்று சொல்லி போனை வைத்தாள். மரம் அடுத்த வருஷமும் நிற்கும், கம்பெனி நிற்குமா என்று மேனேஜர் ஆறுதல் சொன்னார்.

அந்த அரைகுறை வேலையை விட்டுவிட்டு எழும்படி சர்வரைக் கட்டாயப்படுத்தினாள். தள்ளாடிக்கொண்டே எழுந்தது. அது விழுவதற்குள் உள்ளே இருந்ததையெல்லாம் அள்ளி, அதே டப்பாவில் விவரங்களுக்குப் புதிதாக ஒரு கிடங்கைக் கட்டி, அதில் இறக்கினாள். அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து நின்றது. கூடத்தில் கைதட்டல் கேட்டது.

"எல்லாம் வந்துடுச்சு சார். நீங்க காலையில போட்ட திருத்தம் மட்டும் போயிடுச்சு. அதை மறுபடி போட்டுக்கணும்."

மறுபடி போட்டால் மறுபடி விழுமா என்று மேனேஜர் தயங்கினார். விழாது, வேண்டுமானால் பக்கத்திலேயே நிற்கிறேன் என்றாள். நின்றாள். பெரிய மனுஷருக்குக் கூச்சமாக இருக்குமே என்று முகத்தை மட்டும் மரியாதையாகத் திருப்பிக்கொண்டாள்.

தட்டினார். நொடியில் முடிந்தது. அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

நாடகத்தின் கடைசிக் காட்சியையாவது பார்த்துவிடலாம் என்ற ஆசையில், கிளம்பும் நேரத்தைப் பதிவு செய்யத் தன் மேஜைக்கு ஓடினாள். கம்ப்யூட்டர் அவள் பெயரை ஏற்கவில்லை. நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அப்படி ஒரு ஊழியரே இல்லை என்றது.

எதையோ சரியாக மீட்காமல் விட்டுவிட்டோம் என்று பதறி, மேனேஜர் அறைக்கே திரும்பினாள்.

"சார், இன்னும் ஏதோ கோளாறு இருக்கு. என்னையே உள்ள விடமாட்டேங்குது."

மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"இல்லம்மா. சர்வர் சரியாத்தான் வேலை செய்யுது."