செட்டியாரின் நாக்கு

பதுளையில் சீமைச் சாராயம் விற்ற அழகப்பச் செட்டியாரின் நாக்கைத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் மலைபோல் நம்பினார்கள். "இதுல மொதல்ல புகை வாசம் வரும், அப்புறம் தேனா இனிக்கும்" என்று அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் வாங்கிப்போவார்கள்.

ஒருநாள் நமுனுகுலத் தோட்டத்துத் துரை, சீமையிலிருந்து வரவழைத்த முப்பது வருஷ விஸ்கியோடும் கூட்டாளித் துரையோடும் கடைக்கு வந்தார். கிளாஸில் ஊற்றி நீட்டினார்.

"செட்டியார், குடிச்சுச் சொல்லு."

செட்டியாருக்கு வியர்த்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். தொண்டை தீயாய் எரிந்தது.

"கெட்டுப்போச்சுங்க, தொரை."

கூட்டாளித் துரை மெல்லத் தலையாட்டினார். "நேத்துக் குடிக்கும்போதே எனக்குச் சந்தேகம்."

நமுனுகுலத் துரை வாடிய முகத்தோடு போத்தலைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

ஒரு துரை சொன்ன ருசியை அடுத்த துரையிடம் ஒப்பித்தே வியாபாரம் நடத்திவந்த செட்டியார், பிறந்ததிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் குடித்தார்.