ஏழு மாதமாக எரியும் அடுப்பு

"ஏழு மாசமா இந்த அடுப்புலதான் சார் சமைக்கிறேன். புகையே கிடையாது."

கருத்தம்மா ஐந்தாவது தடவையாக ஒப்பித்தாள். அடுப்பு அவள் அறைக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

மேனேஜர் மகுடேஸ்வரனுக்குப் பரம திருப்தி. இந்தப் பனியன் கம்பெனியில் இத்தனை வருஷத்தில் தைக்கத் தெரியாதவர்களுக்குத் தையல் பழக்கியிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கு அதையும் பழக்க வேண்டியிருப்பது ஆடிட் வந்தால்தான்.

போன ஆடிட்டில் பிடித்த வினை இது. குழந்தைகள் பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய ஆடிட்டர், பின்புறமிருந்த தொழிலாளர் குடியிருப்பையும் எட்டிப் பார்த்தார். எட்டு அறையிலும் விறகுப் புகை, ஒரு குழந்தைக்கு இழுப்பு, உடனே சரிசெய்யவும் என்று எழுதிவிட்டுப் போனார்.

எல்லா அறைக்கும் புகை குறைந்த அடுப்பு கொடுத்தாயிற்று என்ற பதில் கடிதம், 2007 பிப்ரவரியில், அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டது. அடுப்பு வரத்தான் செப்டம்பர் ஆகிவிட்டது.

அதுவும் மகுடேஸ்வரனின் சாமர்த்தியத்தால் வந்தது. முதலிபாளையத்துப் பட்டறை ஒன்றில், விறகு, தேங்காய்த் தொட்டி, சோளத்தட்டு எதைப் போட்டாலும் எரியும் இரும்பு அடுப்பு செய்கிறார்கள். மேலே வரிசையாக இருக்கும் ஓட்டைகளில் காற்று புகுந்து, புகையையும் சேர்த்து எரித்துவிடும். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எட்டையும் தூக்கி வந்திருந்தார். ஆடிட் முடிந்த கையோடு, சரிப்படவில்லை என்று திருப்பிவிட வேண்டியது.

ஒரே ஒரு சிக்கல். ஆடிட்டர் கண்ணுக்கு அடுப்பு ஏழு மாதப் பழசாகத் தெரிய வேண்டும், பட்டறைக்காரர் கண்ணுக்கு நேற்று வந்ததாகத் தெரிய வேண்டும். கழுவினால் போகிற மாதிரி கரி பூசுங்கள் என்று அதற்கும் வழி சொல்லியிருந்தார்.

பேசுவதற்குக் கருத்தம்மாவைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், செக்கிங்கில் வேலை, ஏறெடுத்துப் பேச மாட்டாள். ரேஷன் கார்டு ஊரிலேயே கிடந்ததால் சமையல் கேஸுக்கு வழியில்லை. இழுப்பு வந்த குழந்தையும் அவள் மகள் அனுசுயாதான்.

முதல் நாள் வழக்கம்போல் விறகைத் திணித்தாள், அறையைப் புகை மூடிக்கொண்டது. அப்புறம் காய்ந்த விறகாகப் பார்த்து, விரல் தடிமனுக்குப் பிளந்து, ஒன்றிரண்டாக வைக்கப் பழகிக்கொண்டாள்.

"சார், இந்த அடுப்ப இங்கனயே விட்டுறக் கூடாதா? ரெண்டு நாளா பிள்ளை இருமாமத் தூங்குது" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எட்டு அடுப்பும்மா. மொதலாளிகிட்ட யாரு போய்ச் சொல்றது? இருமலுக்கு டானிக் விக்குது. கைய விட்டுப் போன ஆர்டரத் திரும்பக் கொண்டார டானிக் இருந்தா சொல்லு, நானே வாங்கியாறேன்."

அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. ஆடிட்டருக்குத் தமிழ் தெரியுமா, மறுபடியும் வருவாரா என்று மட்டும் விசாரித்தாள். அக்கறையான மாணவி என்று நினைத்துக்கொண்டார் மகுடேஸ்வரன்.

"மதுரைக்காரருதாம்மா. வந்தா ரெண்டு வாரம் முன்னாலயே தேதி சொல்லிருவாங்க. அன்னிக்கு மறுக்கா அடுப்பும் வந்துரும். போதுமா?"

மறுநாள் பதினொரு மணிக்கு ஆடிட்டர் வந்தார். கட்டிங், தையல் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு நேராகக் கருத்தம்மாவின் அறைக்குள் நுழைந்தார். உலை கொதித்துக்கொண்டிருந்தது, புகை இல்லை. சுவரில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். பழைய புகைக்கரியை மறைக்க முந்தின நாள் அடித்த சுண்ணாம்பு விரலோடு வந்தது. புகையே இல்லாத அந்த அறையில் மகுடேஸ்வரன் ஒருவர்தான் இருமினார்.

கருத்தம்மா எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். விறகை எப்படிப் பிளக்க வேண்டும் என்று சொந்தமாகவும் சேர்த்துச் சொன்னாள். ஆடிட்டர் குறித்துக்கொண்டு ஃபைலை மூடினார்.

"சார், இன்னும் ஒண்ணு சொல்லணும்."

ஆர்டரில் இருந்த நாற்பதாயிரம் குழந்தை பனியனும் மகுடேஸ்வரனின் கண் முன்னால் ஒவ்வொன்றாகப் பறந்து போயிற்று. ஆடிட்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று, கண்ணாலும் கையாலும் கும்பிட்டார்.

"தயங்காமச் சொல்லுங்கம்மா."

"எங்க மொதலாளி மாதிரி மனுசன் கெடைக்க மாட்டாரு சார். மாசி மாசம் பிள்ளை இருமுறதக் கேட்டாரு, மறுவாரமே எட்டு வீட்டுக்கும் அடுப்பு எறக்கிட்டாரு."

இது பாடத்திலேயே இல்லை. மகுடேஸ்வரனுக்கு உயிர் வந்தது. இவளை சூப்பர்வைசர் ஆக்கினால்கூடத் தகும் என்று பட்டது. ஆடிட்டர் ஃபைலைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டார்.

"அடுத்து வாரப்ப எட்டு வீட்டுல எங்கனயாச்சும் நொழஞ்சு, ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி குடிச்சுட்டுத்தான் போகணும். இந்த அடுப்புலயே போட்டுத் தாரோம்."

ஆடிட்டர் சிரித்துக்கொண்டே டைரியைப் பிரித்து, எந்தத் தேதி தோதுப்படும் என்று கேட்டார்.

"தேதியெல்லாம் வேண்டாம் சார், திடீர்னு வாங்க."