பன்னிரண்டாவது டப்பா

கடையிலிருந்த பதினோரு பால் பவுடர் டப்பாக்களையும் ஒரே ஆள் தள்ளுவண்டியில் வாரிப் போட்டுக்கொண்டு பில் போடும் இடத்துக்கு வந்து நின்றான். நாற்பது வயதிருக்கும். கசங்கிய சட்டை, தூங்கி நாளான கண்கள்.

பில் போடுகிறவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நாளாக ஊரில் எந்தக் கடையிலும் குழந்தைப் பால் பவுடர் இல்லை. இன்று காலையில்தான் ஒரே ஒரு பெட்டி வந்து இறங்கியது. அதையும் ஒருவனே வழித்துக்கொண்டு போவதா?

மேனேஜரைக் கூப்பிட்டு முறையிட்டாள். "காசு குடுக்கறாருல்ல? பில்லைப் போடும்மா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். நியாயம் பேச அவருக்கு ஏது நேரம்!

"எத்தனை மாசக் குழந்தை சார்?" என்று வேண்டா வெறுப்பாகக் கேட்டாள்.

அவன் காதில் விழவில்லை. ஒவ்வொரு டப்பாவாகக் கவிழ்த்து, அடியில் இருந்த தேதியைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த வருஷம் வரைக்கும் தேதி இருக்கு சார். இப்படித் தேய்ச்சா இருக்கிற தேதியும் போயிடும்."

அப்போது அவளுடைய போன் அடித்தது. வீட்டிலிருந்து கணவன்.

"கத்திக் கத்திப் பாப்பாவுக்குத் தொண்டையே கட்டிப்போச்சு. டப்பாவைக் கவுத்துத் தட்டியும் பாத்துட்டேன், ஒரு கரண்டி தேறல. என்ன பண்றதுன்னே தெரியல."

"அரை மணி நேரம் சமாளிங்க. காலையிலயே ஒண்ணு எடுத்து வெச்சுட்டேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

ஐந்து மாதக் குழந்தை. போன வாரம் வேறு பாலைக் கொடுத்துப் பார்த்ததில் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்ததே பெரிய பாடு. நாற்காலிக்கு அடியில், அவள் பைக்குள் இருந்த அந்த ஒரு டப்பாவில்தான் அவள் உயிரே இருந்தது.

அந்த ஆளுக்கு இப்போது மட்டும் காது நன்றாகக் கேட்டது.

"பெட்டிக்குப் பன்னெண்டு. ஒண்ணு குறையுதேன்னு அப்பவே நினைச்சேன். அதையும் குடுத்துடு தங்கச்சி."

"அது என் குழந்தைக்கு."

"ரெண்டு மடங்கு விலை தரேன்."

சார் என்ற மரியாதை அத்தோடு போயிற்று. "யோவ், பதுக்கி விக்கிறவன்தானே நீ? பத்து மடங்கு குடுத்தாலும் தர மாட்டேன்யா!"

வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "பச்சப் புள்ளைங்க வயித்துல அடிச்சா பொழைக்கணும்? நல்லா இருப்பியா நீ?" என்றார் ஒரு பெரியவர்.

அவன் மேசையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தான். திடீரென்று குனிந்து நாற்காலிக்கு அடியில் கையை விட்டான். அவள் அதற்குள் பையைப் பறித்து, டப்பாவை வெளியே எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். யாரோ அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். பித்தான் ஒன்று தெறித்து விழுந்தது.

அப்போதும் அவன் விடவில்லை. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது.

"உன் கால்ல வேணாலும் விழறேன் தங்கச்சி. அந்த டப்பாவை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாத."

அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என் குழந்தை பட்டினியா கிடக்குதுய்யா! உன் குழந்தைக்குப் பதினோரு டப்பா போதாதா?"

"எனக்குக் குழந்தையே இல்ல."

காலரைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது.

"அப்புறம் எதுக்குய்யா உனக்கு இத்தனையும்?"

அவன் அவளைப் பார்க்க முடியாமல், அவள் நெஞ்சில் இருந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"குடோன்ல பழைய தேதிய அழிச்சுட்டு, இந்தத் தேதிய அடிச்சவன் நான்தான் தங்கச்சி."