மடிந்த அறை

ஆள் புழங்காத அறையைத் தானே மடித்துவிடும் தகட்டு வீடுகளுக்கு, தகடு கீறாமல் மடிய வளைவில் எத்தனை மில்லிமீட்டர் விட வேண்டும் என்று மென்பொருளில் கணக்கிடுவது மகுடேசுவரனின் வேலை. மடிந்த தகட்டைத் திரும்ப விரிக்க முடியாது, விரிசல் விட்டுவிடும்.

அவர் கணக்குப் போட்ட அப்படியொரு வீட்டில்தான் அவர் குடும்பமும் இருந்தது. மகள் தேன்மலர் வேலைக்காக வெளியூர் போனதும், அவள் அறை மடிந்துவிடக் கூடாதென்று மனைவி சாந்தாமணி அங்கேயே படுக்கத் தொடங்கினாள். தனியாகத் தூக்கம் பிடிக்காமல் அவரும் தலையணையோடு அங்கே போய்விட்டார்.

மகள் தீபாவளிக்கு வந்து இறங்கிய அன்று, வீடு, ஆளில்லாமல் கிடந்த அவர்கள் இருவருடைய அறையை மடித்தது.

"ஏனுங்க, நம்ம ரூமு போச்சுங்க!" என்று சாந்தாமணி அலறினாள்.

"அப்ப நான் எங்கப்பா படுக்கறது?" என்றாள் மகள்.

மகுடேசுவரன் சுவரைத் தடவிப் பார்த்தார். அவரையும் மீறி முகம் மலர்ந்தது.

"மடிப்புல ஒரு கீறல் இல்ல, பாரு கண்ணு!"