நுரைக்குப் பட்ட கண்

"கெமிஸ்டம்மா, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. மேனேஜர் கண்ணு பட்டாத்தான் உங்க நுரை படுத்துக்குது!"

பம்ப் மெக்கானிக் சொன்னதை அவளால் மறுக்க முடியவில்லை.

உருளைக்கிழங்கு மாவு ஆலை அது. கிழங்கு அரைத்த தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகும். அதில் துளியூண்டு புரதம் உண்டு. காய்ச்சி எடுக்கப் போனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதற்குத்தான் அவள் ஆளுயரக் கண்ணாடிக் குழாய் ஒன்றை நிறுத்தி, வாளியிலிருந்து பம்ப் வைத்துத் தண்ணீரை விடாமல் ஏற்றி, அடியிலிருந்து காற்றை ஊதினாள். புரதத்தின் உடம்பில் ஒரு பக்கம் தண்ணீரோடு ஒட்டும், மறு பக்கம் தண்ணீரைக் கண்டாலே விலகும். குமிழி வந்தால் போதும், அதன் தோலைப் பற்றிக்கொண்டு மேலே ஏறிவிடும். தண்ணீர் கீழே வடிந்துவிடும். நுரையை வழித்தால் கெட்டிப் புரதம்.

மேனேஜர் வராதவரை எல்லாம் சரி. இரண்டு முறை பார்க்க வந்தார்; இரண்டு முறையும் நுரை அமுங்கிவிட்டது. காற்று, சூடு, பம்ப் எல்லாம் பார்த்தாயிற்று. எண்ணெய்ப் பசை ஒரு சொட்டு போதும், குமிழியின் தோல் கிழிந்துவிடும் என்று கிரீஸ் கையோடு திரியும் மெக்கானிக்கை அவள் வாளிப் பக்கமே விட்டதில்லை. இன்றும் நுரை படுத்தால் இதை மூடிவிட்டு அவளைப் பாக்கிங் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

"குழாய்க்குத் திரை போட்டுடலாமா?"

"அண்ணே, நீங்க பம்பைப் பாருங்க."

மேனேஜர் வந்தார். கிழங்கு கழுவும் வேலையில் தொடங்கி மேலே வந்தவர். பழக்கதோஷம், வந்ததும் வாளிக்குள் கையை விட்டுக் கலக்கி மோந்து பார்த்தார்.

"நல்ல கிழங்கும்மா!"

நுரை குழாயின் கழுத்துவரை ஏறியிருந்தது. சற்று நேரம் நின்றது. பிறகு பொத்தென்று உட்கார்ந்தது.

"நான் சொல்லலே?" என்று மெக்கானிக் கிசுகிசுத்தான்.

"உன்மேல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?" மேனேஜர் பெருமூச்சு விட்டபடி கையைத் துடைத்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு சின்ன டியூபை எடுத்துப் பிதுக்கி, இரண்டு கையிலும் தேய்த்தார்.

"சார்... என்ன அது?"

"தெரியாத மாதிரி கேக்குறியே! என் பொறந்த நாளுக்கு நீ வாங்கிக் குடுத்த கிரீம்தான். வெடிச்ச கை பூவாயிடுச்சு. நீ பார்த்தா சந்தோஷப்படுவியேன்னு, இங்க வர்றப்பல்லாம் மறக்காம பூசிக்கிட்டு வர்றேன்."

மெக்கானிக் தன் கிரீஸ் கையைப் பார்த்துக்கொண்டான்.

அவள் வாளியைக் கவிழ்த்தாள். குழாயைத் தேய்த்துக் கழுவிப் புதிதாகக் கிழங்குத் தண்ணீர் நிரப்பி, வாளிக்கு இறுக்கமாக ஒரு மூடி போட்டாள். மேனேஜர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நுரை படுக்கவே இல்லை.