மினசோட்டாவா, அரிசோனாவா?

"எங்க ஊர்க்காரங்க மாதிரி வராது பெரியவரே! நாங்க கிளம்புறோம்னதும் நகராட்சிக் காரிலேயே கூட்டிட்டு வந்து பஸ் ஸ்டாண்டுல விட்டாங்க. ஆபீசரம்மா பஸ் நகர்ற வரைக்கும் அங்கேயே நின்னு கையாட்டினாங்கன்னா பாருங்களேன்!"

ஆர்லன் இதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னான். பாதி வழியில், கான்சஸில் பஸ் மாறுகிற அந்தச் சின்ன நிலையத்தில், எதிர் பெஞ்சில் இருந்த கிழவர் எமெட் சற்று முன்புதான் பழக்கமாகியிருந்தார். இவன் மினசோட்டாவிலிருந்து அரிசோனாவுக்குப் போகிறவன். அவர் அரிசோனாவிலிருந்து மினசோட்டாவுக்கு. அப்புறம் பேச்சுக்குப் பஞ்சமா?

உண்மையில் ஆர்லனுக்குத் தன் ஊர்ப் பெருமை முக்கியமில்லை. அரிசோனாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை வேண்டும், அதுவும் பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும் மனைவி கோரின் காதில் விழுகிற மாதிரி வேண்டும். அவளுக்கு நெஞ்சுச் சளி. இன்னொரு பனிக்காலத்தை அந்த உடம்பு தாங்காது, எங்காவது வறண்ட, சூடான ஊருக்குப் போய்விடுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மினசோட்டாவில் பஸ் ஏறியதிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை.

"அரிசோனா காத்து எப்படிங்க? நெஞ்சுக்கு ஒத்துக்குமா?"

"என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க! ஈரத்துணியை உதறிப் போட்டா, திரும்பிப் பாக்கறதுக்குள்ள காய்ஞ்சு கிடக்கும். சளியாவது கிளியாவது, கிட்டயே வராது. ஜனவரியில வெறும் பனியனோட உட்கார்ந்திருப்பேன்."

"கேட்டியா கோரின்?" என்றான் ஆர்லன். அவள் இருமினாள்.

கிழவரும் விடவில்லை. மினசோட்டாவில் வரியை உருவி எடுத்துவிடுவார்களாமே என்று சீண்டினார். "உருவினா என்னங்க? ஆஸ்பத்திரியில வாசலோட விரட்டாம உள்ள கூப்பிட்டுப் பாக்கறாங்கல்ல? உங்க ஊர்ல அது உண்டா?" என்று ஆர்லன் திருப்பிக் கேட்டான். அவர் தாடியைச் சொறிந்தார். சொறிந்த கையில் முழங்கைவரை தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"அது என்னங்க காயம்?"

"அதுவா? ஜூலையில ரோட்டுல விழுந்துட்டேன், தார் சுட்டிடுச்சு. வெயில்தான் கொஞ்சம் சுள்ளுன்னு இருக்கும், மத்தபடி சொர்க்கம். ஆமா, உங்க கையில ரெண்டு விரலோட நுனியைக் காணோமே?"

"பனி கடிச்சிடுச்சு, நுனி உறைஞ்சு கருகிப்போச்சு. நம்ம அஜாக்கிரதைதான், ஊரைச் சொல்லி என்ன பண்றது?" ஆர்லன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். இருவரும் சிரித்தார்கள்.

"லைப்ரரியெல்லாம் எப்படி தம்பி?"

"அடடா, அதைக் கேளுங்க! உள்ள கதகதன்னு இருக்கும். மடியில ஒரு புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டா போதும், மூடுற வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க."

"எங்க ஊர்லயும் அப்படித்தான். என்ன, உள்ள ஜில்லுன்னு இருக்கும்."

அத்தோடு ஆர்லன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கோரின் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரிகூட இருந்தது. ஆனால் நாக்கு சும்மா இருக்கிறதா?

"இவ்வளவு நல்ல ஊரை விட்டுட்டு, இந்த வயசுல நீங்க ஏங்க கிளம்பினீங்க?"

கிழவர் தன் கறுப்புப் பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"சும்மா, ஒரு மாறுதலுக்குத்தான். ஆனா எங்க ஊர்க்காரங்க மட்டும் என்ன லேசுப்பட்டவங்களா தம்பி? எனக்கும் ராஜமரியாதைதான். டிக்கெட்டுக்குக்கூட என்னைக் காசு எடுக்க விடலையே! நகராட்சியிலேர்ந்து ஒருத்தர் கூடவே வந்து, கையில சாண்ட்விச் பொட்டலத்தைக் கொடுத்து, பஸ் தெருமுனை திரும்புற வரைக்கும் நின்னுக்கிட்டிருந்தாருன்னா பாத்துக்கோங்க."

கோரின் கண்ணைத் திறந்தாள்.

அங்கே போனால் எல்லாம் சரியாகிவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்று வழிநெடுக அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தவன் ஆர்லன்தான். இப்போது அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

வடக்கே போகிற பஸ் வந்து நின்றது. கிழவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வரட்டுமா தம்பி? கவலைப்படாதீங்க, நல்ல ஊருக்குத்தான் போறீங்க."

"நீங்களும்தாங்க" என்றான் ஆர்லன்.

கிழவர் நாலடி நடந்திருப்பார். கோரின் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஒரு பாட்டம் இருமி முடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"பெரியவரே, எங்க இடம் பெரிய ஆத்துப் பாலத்துக்கு அடியில, தெக்கு மூலை, இன்னும் காலியாத்தான் கிடக்கும், நீங்க படுத்திருந்தது எந்தப் பாலம்னு சொல்லிட்டுப் போங்க."